சம்பளத்துக்குப் பதில் மணிக்கணக்கு

அமெரிக்காவில் விமானப் பிரயாணம் என்றதும் பெரிய ஜெட் விமானங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜங்ஷனில் மெயிலைப் பிடிக்க நம்மவர்கள் கிளை ரயிலில் போவதைப் போல, அங்கே சிற்றூர் மக்களைப் பெரிய விமான நிலையங்களில் கொண்டு சேர்ப்பவை சின்னக் கம்பெனிகளே. பல விமானங்களின் மேலே பெரிய கம்பெனியின் பெயர் பளபளக்கும். ஓட்டுகிறவர் சம்பளம் வாங்குவது வேறு முதலாளியிடம். டிக்கெட் வாங்குகிறவர் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

இந்தக் கம்பெனிகளில் விமானிகள் நிலைப்பதில்லை. நிலைப்பதற்காக அவர்கள் வருவதும் இல்லை. பெரிய கம்பெனியில் இடம் கிடைக்க ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளைச் சேர்ப்பதற்காக, பயிற்சிக் கடனையும் தலையில் சுமந்துகொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு உழைத்தார்கள் இளைஞர்கள். சம்பளக் கணக்கும் பெரும்பாலும் விமானம் நகர்ந்த பிறகே ஆரம்பமாகும். விமான நிலையத்தில் காத்துக் கிடந்த பொழுது கணக்கில் சேராது. நிர்வாகத்தாருக்கு இது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. பாதிக் கூலி பணம். மீதிக் கூலி லாக் புத்தகத்தில் ஏறும் மணிகள்!

இந்தச் சிக்கனத்தின் மறுபக்கம் 2009 பிப்ரவரி 12 இரவு வெளிப்பட்டது. நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் கம்பெனி விமானம், இறங்கும் தறுவாயில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். துணை விமானி 24 வயதுப் பெண். நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். ஜலதோஷம் வேறு. லீவு போட்டால் ஓட்டல் வாடகையைத் தாமே கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்திருக்கிறது. அவருடைய சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. இல்லை, ஏறக்குறைய 24,000 என்றது கம்பெனி. எந்தத் தொகையானாலும் வாரந்தோறும் ஓட்டலில் தங்கக் கட்டுப்படியாகாது.

பழி முழுவதையும் சம்பளத்தின்மேல் போடுவது நியாயமல்ல. வேகம் குறைந்தபோது கருவி எச்சரித்தும் தலைமை விமானி நேர்மாறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவு என்று அறுதியிட முடியவில்லை என்றும் அது சொன்னது.

இதன்பின் 2010-ல் சட்டம் வந்தது. அதுவரை 250 மணி பறந்தவரே துணை விமானி ஆகலாம். 2013 முதல் பொதுவாக 1,500 மணி வேண்டும். அடுத்த ஆண்டு ஓய்வு நேர விதிகளும் கடுமையாயின. உடனே "ஆள் கிடைக்கவில்லை" என்ற கூக்குரல் எழுந்தது. வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் கம்பெனி, 19 பேர் அமரும் விமானங்களில் பத்து ஆசனங்களைக் கழற்றியெறிந்தது. ஒன்பது ஆசனம் என்றால் விதி வேறு. மணி குறைந்த விமானியே போதும்! அந்த யுக்தியும் பலிக்காமல் 2018 மார்ச்சில் சேவையை நிறுத்திவிட்டது. 2022-ல் ஸ்கைவெஸ்ட் கம்பெனி, விமானிகள் போதவில்லையென்று 29 சிற்றூர்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது.

சட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் அதே 2022-ல் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணைக் கம்பெனிகள் புதிய துணை விமானியின் சம்பளத்தை மணிக்குச் சுமார் 50 டாலரிலிருந்து 90 டாலராக உயர்த்தின. அத்தனை காலமும் முடியாது என்றது எப்படி முடிந்தது? ஆள் தட்டியதும் பணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். பெரிய கம்பெனியைச் சாராத கிரேட் லேக்ஸ் போன்றவற்றுக்கு அந்த வசதியும் இல்லை.

வலது ஆசனத்துக்கு இப்படி ஆள் வரத் தொடங்கியதும் இடது ஆசனத்தில் பஞ்சம் தொடங்கியது. பழுத்த தலைமை விமானிகளைப் பெரிய கம்பெனிகள் அழைத்துக்கொண்டு போய்விட, புதியவர்களை உடன் வைத்துப் பழக்க மூத்தவர் போதாமல், 2023-ல் பல விமானங்கள் ஓட்ட ஆளின்றி நின்றன.