பெயரை வெளியிடாமலும் செய்தி எழுதலாம்

ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கென்று ‘சைன்போஸ்ட்’ என்ற செய்தித்தாள் இருக்கிறது. 2005 சனவரியில் மைக்கேல் ஸ்னோ என்பவர் தொடங்கியது. இன்றும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். தங்கள் சமூகத்தின் சண்டைகளையும் தவறுகளையும் அதில் தாங்களே எழுதுகிறார்கள். 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அப்படித் துணிவுள்ள ஓர் இதழ் வேண்டும் என்பது, மரக்காணம் கரையோரத்திலிருந்து அதற்கு எழுதிவரும் எங்கள் விருப்பம். ஆனால் பயனர்பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அந்த இதழ் எழுதலாமா என்று கேட்டால், கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

காரணம் எங்கள் அருகிலேயே இருக்கிறது: மரக்காணம் பகுதியின் கீழ்புத்துப்பட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 1987 சூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கழுவெளிச் சதுப்புநிலப் பறவைகளைப் பற்றியோ உப்பளத் தொழிலைப் பற்றியோ எழுத வரும் முகாம் பிள்ளைகள் பலருக்கு அந்தக் குடியுரிமை கிடையாது. ஈழப்போர் பற்றிய கட்டுரையில் அப்படியொருவர் ஒரு வரியைத் திருத்தினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் வெளியே வந்தால் விசாரணைக்குப் பதில் சொல்லவேண்டியது அவர் மட்டுமல்ல, குடும்பமே. சென்னையிலோ டொராண்டோவிலோ இருந்து எழுதுபவருக்கு இந்தப் பயம் எளிதில் புரியாது.

இது வெறும் அச்சமுமல்ல. 2024இல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில், அந்நிறுவனத்தைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திருத்திய மூவரின் விவரத்தைத் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையையே நீக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றம் கேட்பதற்கு அறக்கட்டளை பதில் சொல்லட்டும். நம் கூட்டத்தின் இதழே ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு மறைவாக எழுதுபவர்களை என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் செய்த திருத்தங்களைப் பயனர்பெயரோடு, தேதியோடு இதழ் வெளியிடட்டும். நிர்வாகிகளே செய்திருந்தாலும் விடவேண்டாம். ஆள் யார் என்பதற்கான சான்று கையில் இருந்தால் அது பொறுப்பிலுள்ளவர்களிடம் தனியாகப் போகட்டும்.

தன் பெயரைத் தானே சொல்ல முன்வருபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வெளியிடலாம். இதழ் வெளிவரும் நாள்வரை அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். ஏன் என்று கேட்கும் உரிமை ஆசிரியர் குழுவுக்கு இல்லை.