நாய் விற்க ஒரு ஃபுட்பால் டீம்!

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால், அமெரிக்காவின் என்.எஃப்.எல் லீகில் அதற்கென ஓர் அணி இருந்தது!

ஒஹாயோ மாநிலத்தின் லாரூ கிராமத்தில் 'ஏர்டேல்' ரக நாய்களை வளர்த்து விற்றவர் வால்டர் லிங்கோ. தன் 'ஊராங்' நாய்ப் பண்ணைக்கு விளம்பரம் தேடியவர், 1922-ல் ஃபுட்பால் டீம் ஒன்றையே தொடங்கிவிட்டார். லீகில் சேர அப்போது 100 டாலர்தான். அவர் விற்ற ஒரு நாயின் விலையோ 150 டாலர்!

அணியின் பெயர் 'ஊராங் இண்டியன்ஸ்'. நம்மூர் இந்தியர்கள் இல்லை. வீரர்கள் எல்லோரும் அமெரிக்கப் பூர்வகுடிகள். ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தவர் ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 2 தங்கம் வென்றவர். முன்பு பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் காசு வாங்கினார் என்று சொல்லி, மறுவருடமே அந்தப் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் டீமுக்கு லிங்கோ கொடுத்த முக்கிய வேலை, இடைவேளை ஷோ! நாய்கள் வித்தை காட்டும். வீரர்கள் இறகுத் தொப்பியோடு நடனம் ஆடுவார்கள், கோடரி வீசுவார்கள். ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் வேடிக்கைப் பொருளானார்கள். கூட்டம் கூடியது, வெற்றி கூடவில்லை. இரண்டு சீசன்களில் 20 ஆட்டங்கள், 4 வெற்றி.

புதுமை தீர்ந்ததும் கூட்டமும் குறைந்தது. 1923 சீசனோடு டீமுக்கு மூடுவிழா.

தோர்ப் 1953-ல் காலமானார். 1912-ன் அந்த இரண்டு போட்டிகளிலும் அவர் மட்டுமே சாம்பியன் என ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது 2022-ல்தான். பதக்கம் போய் 109 வருடங்கள் கழித்து!