மாடிக் குழாய்க்கு வலை, டேங்குக்குள் யார் பிள்ளை?

சேலையூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் மொட்டை மாடிகளில் வேலை சூடுபிடித்துவிடும். ஓதம் அடிக்கும் தளத்துக்கு வாட்டர்புரூபிங், உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடு, செப்டிக் டேங்கிலிருந்து மேலே வரும் ஏர் பைப்புக்கு வலை. அணில் கூடு கட்டிவிட்டது, கொசு வருகிறது, குழாயைச் சுற்றி மழைத்தண்ணீர் இறங்கி மேல்வீட்டு பாத்ரூம் கூரையில் கறை படிகிறது என்று குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் விவாதம் நடக்கும். பணம் பிரிப்பார்கள். பிளம்பர் வருவார். ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

இதில் எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. செய்ய வேண்டிய வேலைதான். எங்கள் சண்டை அந்தக் குழாயின் கீழ்முனையைப் பற்றியது.

போன வருடம் மழைக்கு முன்னால் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பன்னிரண்டு வீடு. பக்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் கல்லூரித் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, டேங்க் மூடியத் தொறந்துட்டாங்க. லாரி கிளம்பிப் போயிடுச்சு. ரெண்டு பேரு நிக்கிறாங்க."

நாங்கள் மூன்று பேர் போனோம். மாடியில் பிளம்பர் ஏர் பைப்புக்குப் புது மூடி போட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாக நின்றார். முகத்தில் ஒரு துண்டுகூட இல்லை. சங்கத்துக்காரர் ஒருவர் எங்களைச் சமாதானப்படுத்தினார்: "முழுசா எறங்க மாட்டாங்க தம்பி. இடுப்பளவுதான். அவங்களுக்கு இது பழக்கம்."

பழக்கம். இந்தச் சொல்லை எத்தனை வாசலில் கேட்டுவிட்டோம்! விஷவாயுவுக்கு எந்த நுரையீரலும் பழகுவதில்லை. பழகியிருப்பது இறக்கிவிடுகிறவர்களின் கண்.

தோழர்கள் இதை வேதியியலாகவும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வாசலில் நின்று வாதாடும்போது இதுதான் கைகொடுக்கும். டேங்குக்குள் மலம் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. மீத்தேன் காற்றைவிட இலேசு, குழாய் வழியே மேலே போய்விடும். ஏர் பைப் இருப்பதே அதற்குத்தான். அது அடைத்துக்கொண்டால் வாயு வீட்டுக்குள் திரும்பும், தண்ணீர் ஊற்றும்போது பாத்ரூம் குழியில் 'குளுக் குளுக்' என்று சத்தம் வரும், நாற்றம் அடிக்கும். வீட்டுக்காரர் உடனே பதறுவது அதனால்தான். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அது அடியிலேயே தங்கும், கசட்டுக்குள் கரைந்து கிடக்கும். யாராவது காலை வைத்துக் கலக்கினால் ஒரே மூச்சில் வெளியே வரும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே அழுகிய முட்டை வாசனையை உணரும் சக்தி மூக்குக்குப் போய்விடும். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சில் ஆள் சரிவார். "நாத்தமே இல்ல, தைரியமா எறங்கு" என்று மேலே நின்று சொல்கிறார்களே, அந்த நாற்றமில்லாத டேங்க்தான் கொல்லும் டேங்க். இடுப்பில் கட்டிய கயிறு பிணத்தை மேலே இழுக்க மட்டும் உதவும்.

எனவே மாடியில் குழாய் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கீழே மனிதன் இறங்கலாம் என்று ஆகிவிடாது. அந்தக் குழாய் வீட்டைக் காப்பதற்கு. இறங்குகிறவரைக் காப்பதற்கு அல்ல.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரே டேங்கில் ஆறு பேர் செத்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற அடுத்தவர் என்று இறங்கியவர்கள். வீட்டு உரிமையாளரும் அவருடைய மகன்களும் அதில் உண்டு. வாயு சாதி பார்ப்பதில்லை. ஆள் கூப்பிடப் போகிறவர்கள்தான் பார்க்கிறார்கள். எந்தக் குடியிருப்பிலிருந்து, யாருடைய மகனை அழைத்து வரவேண்டும் என்பது சேலையூரில் எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். அந்தப் போன் நம்பர் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இருக்காது.

சட்டம் இல்லையா? 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்தத் தனிநபரும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும் ஆள் வைக்கக் கூடாது என்கிறது. தனிநபர் என்றால் வீட்டு உரிமையாளரும் சேர்த்திதான். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடியினரை மலம் அள்ள வைப்பதை வன்கொடுமையாகவே ஆக்கியிருக்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது.

ஆனால் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் என்ன சொல்கிறது? கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை, 'ஆபத்தான துப்புரவில்' செத்திருக்கிறார்களாம். சொல்லை மாற்றிப் பிணத்தை வேறு பெட்டியில் வைக்கும் வித்தை. 1993க்குப் பிறகான அதே அரசுக் கணக்கில் இப்படிச் செத்தவர்கள் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. சமூக நீதி மண் என்று மேடைகளில் பேசுகிறோமே, அதே மண்ணில்தான் இந்தக் குழிகளும்.

சரி, அந்தக் குடியிருப்புக்கு ஏன் ஆள் தேவைப்பட்டது? இங்கேதான் மாடியும் குழியும் சேர்கின்றன. லாரிக்காரர் மேல்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார். அடியில் மண்டி கெட்டியாகிக் கிடந்தது. 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை, கட்டிய நாளிலிருந்து எடுத்ததே இல்லை. போதாததற்கு மாடி மழைநீர்க் குழாயை யாரோ கொண்டுபோய் கழிவுக் குழாயிலேயே இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் கூரைத் தண்ணீர் முழுவதும் டேங்குக்குள். ஏரி ஓரத்து ஊர் இது, மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். டேங்க் பொங்காமல் என்ன செய்யும்? பொங்கியதும் ஆளைக் கூப்பிடு. ஏர் பைப் வாயில் கொசுவுக்குப் பயந்து சாக்கைத் திணித்து வைத்திருந்த வீட்டையும் இதே சேலையூரில் பார்த்திருக்கிறோம். வாயு போக வழியே இல்லை.

அணிலும் கொசுவும் வராமல் இருக்கச் சாக்கு வேண்டாம். துருப்பிடிக்காத கம்பி வலையோ கொசு வலையோ கட்டி, வருடத்துக்கு ஒருமுறை தூசி தட்டினால் போதும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயமே குறைந்தது 50 மி.மீ. விட்டக் குழாயும் அதன் வாயில் கொசு புகாத வலையும் கேட்கிறது. டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால் குழாய் கட்டட உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும். தளத்தில் குழாய் வெளிவரும் இடத்தில் பழைய பூச்சைச் சுரண்டி, வாட்டர்புரூப் பூசி, சிமெண்ட்டைச் சுற்றிலும் சரிவாக ஏற்றிக் கட்டினால் தண்ணீர் நிற்காது. மழைநீர்க் குழாயைக் கழிவுக் குழாயிலிருந்து பிரித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா? இவ்வளவையும் மேலே செய்யத் தெரிந்தவர்களுக்குக் கீழே மட்டும் அறிவு வேலை செய்யாமல் போவதை அறியாமை என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

அன்றைக்கு நாங்கள் மூடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். லாரியைத் திரும்ப வரவழைக்கச் சொன்னோம். தண்ணீர் விட்டு, மேலிருந்தே குழாயால் பீய்ச்சி மண்டியைக் கரைத்து உறிஞ்சலாம், ஆள் இறங்க வேண்டியதில்லை. ஒரு லோடு அதிகம், 1,800 ரூபாய். பன்னிரண்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150. மாடிக் குழாய் மூடிக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் வாக்குவாதம். "நீங்க வெளியாளுங்க" என்றார்கள். போலீசுக்குச் சொல்வோம் என்றதும் ஒத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அந்த அண்ணன் எங்களிடம் கேட்டார்: "நிறுத்திட்டீங்க, சரி. இன்னைக்குக் கூலிய யாரு தருவா?"

1,500 ரூபாய். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி இருந்தது. அவர் கோபம் நியாயமானது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிற அரசியல் அவருக்கு எதற்கு? மறுவாழ்வு என்ற பெயரில் அரசு ஒருமுறை தருவதாகச் சொல்லும் 40,000 ரூபாய்கூட, 'கையால் மலம் அள்ளுபவர்' பட்டியலில் பெயர் ஏறினால்தான். டேங்க் ஆள் என்றால் அந்தப் பட்டியலில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். சங்கத்துக்காரர்களிடமே பேசி, வந்த ஆளுக்கு வந்த கூலி என்று இருவருக்கும் முழுப் பணத்தையும் வாங்கிக் கொடுத்தோம். முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் தங்கியிருக்கும் விடுதி, வாடகை வீடு, அதன் டேங்க் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். மழைநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மூடி திறந்து ஆள் நிற்பதைக் கண்டால் முதலில் இறங்கவிடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள், 14420க்கு அழையுங்கள். யாராவது உள்ளே மயங்கிவிட்டால் நீங்கள் இறங்கவே கூடாது, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அந்த ஆளின் கூலியைப் பற்றியும் அதே இடத்தில் பேசுங்கள், பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அண்ணனின் பெயரைத் தூய்மைப் பணியாளர் கணக்கெடுப்பில் சேர்க்க இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம், மூன்றாவதையும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர் இன்னும் டேங்க் வேலைக்குப் போகிறார். போன மாதம் மாடம்பாக்கத்திலிருந்து அவரே போன் செய்தார். "லாரி வர்ற வரைக்கும் மூடியத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ணா. ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன். நீங்க ஒரு தடவ இவங்ககிட்டப் பேசுங்க."