சும்மா இருக்கிற நேரம்

"வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்து நாலு காசு பார்க்கலாம்."

கைவேலைப் பயிற்சி வகுப்பு ஒன்றின் திறப்பு விழாவுக்குப் போனால் இந்த வசனம் கட்டாயம் காதில் விழும். மேடையில் நிற்பவர் யாராகவும் இருக்கலாம். அரச அதிகாரியும் சொல்வார், தொண்டு நிறுவன ஆளும் சொல்வார், கொழும்பிலிருந்து வந்த கடைக்காரரும் சொல்வார். கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் இருக்கிற பெண்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கதிரைகளில் நானும் இருந்திருக்கிறேன். இந்த வசனத்தோடு எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கு.

நான் எலுவன்குளம். புத்தளத்திலிருந்து பழைய மன்னார் வீதியால் வடக்கே வந்தால், வில்பத்துக் காட்டுக்கு முன்னால் இருக்கிற ஊர். கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் தண்ணிக்குள் போகும், செய்தியில் எங்கட பேர் வரும். மற்ற நாட்களில் வராது. படிக்கிறது கலைப்பீடத்தில். படிப்புக்கு வெளியே நான் செய்கிற வேலை மினியேச்சர். பொம்மை வீட்டுக்குள் வைக்கிற குட்டிக் கட்டில், குட்டிக் கேத்தல், குரோசேயில் பின்னிய குட்டிப் போர்வை, ஒக்டோபர் மாதம் நெருங்கினால் பூசணிக்காய், சூனியக்காரித் தொப்பி, சிலந்தி வலை.

இதைக் கேட்டதும் "சோ கியூட்" என்று சொல்லத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

உலகம் முழுக்க பொம்மை வீட்டு வேலைக்கு வழக்கமான அளவு 1:12. நிஜத்தில் ஒரு அடி, இங்கே ஒரு அங்குலம். 5 அடிக்கு 6 அடிப் போர்வை 5 அங்குலத்துக்கு 6 அங்குலமாகும். இதுவரைக்கும் லேசு. சிக்கல் எங்கே என்றால், போர்வையோடு சேர்ந்து அதன் கண்ணியும் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்க வேண்டும். சாதாரண கம்பளி நூலில் அந்தச் சின்ன அளவுக்குப் பின்னினால் அது போர்வை மாதிரித் தெரியாது, பாத்திரம் பிடிக்கிற துணி மாதிரித்தான் தெரியும். ஆகவே தையல் நூல். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த மொத்தமுள்ள குரோசே ஊசி. பகல் வெளிச்சம். ஒரு கண்ணி தப்பினால் அந்த வரிசை முழுவதையும் அவிழ்க்க வேண்டும். சிலந்தி வலை என்றால் நடுவிலிருந்து கம்பிகள் மாதிரிச் சங்கிலிப் பின்னல் இழுத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றி இணைத்து, கஞ்சியில் தோய்த்து, குண்டூசி குத்தி இழுத்து வைத்துக் காயவிட வேண்டும். பூசணிக்காய்க்கு வெளிநாட்டுக் களி வாங்கக் கட்டாது. கோன்ஃபிளவர் மாவும் பைண்டர் கம்மும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் கிண்டினால் நல்ல களி வரும். காயும்போது சுருங்கும், அதையும் முன்கூட்டியே அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது முழுக்க ஒரு தொழிலின் அறிவு. படித்துத்தான் வரும்.

இப்போது கணக்கு. ஒரு குட்டிப் போர்வைக்கு எனக்கு 14 மணித்தியாலம் போகிறது. நூலுக்கும் மற்றதுக்கும் 250 ரூபா. பரிசுப்பொருள் கடைக்காரர் ஒருவர் அதற்கு 600 ரூபா தருவதாகச் சொன்னார். செலவைக் கழித்தால் 350. பதினாலால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 25 ரூபா. இலங்கையில் 2025 ஏப்ரலில் சட்டப்படி ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது. 8 மணித்தியால நாள் என்று பார்த்தால் மணிக்கு 135. அந்த ஆகக் குறைந்த கூலியைப் போட்டாலே போர்வையின் விலை 2,140 ரூபா வர வேண்டும். நான் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "ஆனா நங்கி, நீங்க இதை வீட்டில சும்மா இருக்கிற நேரத்தில தானே செய்யிறீங்க?"

அந்த ஆச்சரியம்தான் விஷயம். அவர் கெட்ட மனுசன் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற பெண்ணின் நேரத்துக்கு விலை உண்டு என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். சரி, எங்கட ஊரில் சும்மா இருக்கிற பெண்ணை யாராவது காட்டுங்கள் பார்ப்போம். விடியக்காலை அடுப்பு, பிறகு பிள்ளைகள், பிறகு தோட்டம், மீன் வந்தால் மீன், தண்ணி, விறகு, வயசான மாமி. பக்கத்து வீட்டு ராத்தா பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே பின்னுவா. அவ சும்மா இருந்து பின்னவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறா, இரண்டுக்கும் சம்பளம் இல்லை.

இது எங்கட ஊரில் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபூர் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே குரோசே லேஸ் வேலையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அது பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜேர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: ஆயிரக்கணக்கான பெண்கள் உலகச் சந்தைக்காக நாள்தோறும் பின்னுகிறார்கள், ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் 'குடும்பப் பெண்கள்', ஓய்வு நேரத்தில் பின்னுகிறவர்கள். அந்தப் பேர் இருக்கும்வரை கூலியை எவ்வளவு கீழேயும் இறக்கலாம். இலாபம் வியாபாரிக்குப் போகும். 'ஓய்வு நேரம்' என்ற சொல் அங்கே விலை குறைக்கிற கருவியாக வேலை செய்தது. இங்கேயும் அதே கருவிதான்.

தமிழ் படிக்கிற எங்கட ஆட்களுக்கு இன்னும் கிட்டின ஓர் உதாரணம் சொல்கிறேன். கால்டுவெல்லைத் தெரியாதவர் யார்? 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இல்லாமல் எங்கட பாடத்திட்டம் இல்லை. அவர் வாழ்ந்த இடையன்குடியில் அவருடைய மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் வேலை பழக்கினார். எலைசாவின் தாய் மார்த்தா மோல்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் லேஸ் வேலையைத் தொடங்கி வைத்தவர். ஒரே வீட்டில் ஒருவர் இலக்கணம் எழுதினார், மற்றவர் ஒரு தொழிலை ஊன்றினார். இலக்கணத்தைப் பற்றி மூன்று வருசம் பரீட்சை எழுதுகிறோம். லேஸைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த லேஸைப் பின்னிய கைகளைப் பற்றி அரை வரியும் இல்லை.

சின்னப் பொருள் என்றால் சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பொம்மை வீடுகளைக் காட்டலாம்.

ஒன்று இங்கிலாந்தின் மேரி அரசிக்காகக் கட்டியது. 1924இல் முடிந்தது, இப்போது வின்சர் கோட்டையில் இருக்கிறது. அளவு அதே 1:12. குழாயில் தண்ணி வரும், மின்தூக்கி ஏறி இறங்கும், நூலகத்தில் இருக்கிற குட்டிப் புத்தகங்களில் ஒன்றை ஷெர்லொக் ஹோம்ஸை எழுதிய கொனன் டொயில் எழுதிக் கொடுத்தார். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், புதுடில்லியைத் திட்டமிட்ட அதே கட்டடக் கலைஞர். லட்யன்ஸ் சும்மா இருந்த நேரத்தில் செய்தார் என்று யாரும் எழுதவில்லை.

இரண்டாவது அமெரிக்காவில். ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண் 1940களில் பொம்மை வீட்டு அளவில் மரணம் நடந்த அறைகளைச் செய்தார். தூக்கில் தொங்கும் உருவம், குளியல் தொட்டியில் கிடக்கும் உருவம், சுவரில் இரத்தத் துளி. ஹலோவீன் அலங்காரத்துக்குச் செய்யவில்லை. பொலிஸ்காரர்களுக்கு ஒரு மரண இடத்தை எப்படி நிதானமாகப் பார்ப்பது என்று பழக்குவதற்குச் செய்தார். அந்தப் பொம்மைகளின் காலுறையைக்கூட குண்டூசி மொத்தத்தில் இருந்த ஊசியால் அவரே பின்னினார். அவற்றில் 18 இன்றும் போல்டிமோரில் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. 'பெண்களின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிய கைவேலை தடயவியல் வகுப்பானது. லீ பணக்காரக் குடும்பம், அதனால் அவர் பேர் நின்றது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். பேர் நிற்க இங்கே பணம் வேண்டியிருக்கு என்பதும் என் முறைப்பாட்டில் ஒன்று.

அடுத்து ஒரு எதிர்ப்பு வரும், அது எங்கட ஆட்களிடமிருந்தே வரும். "வெள்ளைக்காரன்ட பேய்த் திருநாளுக்குச் சாமான் செய்யிறீங்களே, இது எங்கட கலாசாரமா?"

ஹலோவீன் என்ற பேரே நவம்பர் 1 வருகிற சகல புனிதர் திருநாளின் முந்தின இரவு என்ற அர்த்தத்தில் வந்தது. அடுத்த நாள் நவம்பர் 2, எங்கட கரையோரத்துக் கத்தோலிக்கச் சனம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிற நாள். அந்நியம் என்று சொல்வதற்கு முன் கலண்டரைப் பாருங்கள். குட்டிப் பொருள் செய்வதும் எங்களுக்குப் புதிதில்லை. சிரட்டையில் மண்சோறு ஆக்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா? செப்புச் சாமான் வைத்து விளையாடாத வீடு உண்டா? பிள்ளை வரம் கேட்டு மரத்தில் குட்டித் தொட்டில் கட்டுகிறோம். வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் குட்டிக் கை, குட்டிக் கண், குட்டி வீடு என்று தகட்டில் செய்த உருவங்களைக் காணிக்கை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாழ்க்கையில் ஆகப் பெரிய ஆசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் ஆகச் சின்னப் பொருளைத்தான் கொண்டுபோகிறோம்.

பேயும் எங்களிடம் இருக்கிறது. மகாவம்சத்தில் விஜயன் கரையிறங்கிய கதையைப் படியுங்கள். அங்கே குவேனியை அறிமுகப்படுத்தும்போது அவள் ஒரு மரத்தடியில் இருந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் யட்சி என்று அந்த நூல் சொல்கிறது. அவளுடைய உதவியோடு விஜயன் நாட்டைப் பிடிக்கிறான், அவளிடம் இரண்டு பிள்ளைகள் பெறுகிறான், பிறகு மதுரையிலிருந்து ராசகுமாரி வரப்போகிறாள் என்றதும் அவளைப் போகச் சொல்கிறான். குவேனியின் மாளிகை இருந்த இடம் என்று எங்கட பக்கத்து வில்பத்துக் காட்டுக்குள் ஓர் இடத்தைச் சொல்வார்கள். நூல் நூற்ற பெண்ணைப் பயன்படுத்தியபின் பேய் என்று எழுதி வைத்த நாட்டில், சூனியக்காரித் தொப்பி பின்னுவது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. கட்டளை கிடைத்தால் குவேனியையும் 1:12இல் செய்வேன், கையில் தக்ளியோடு.

இன்னொரு எதிர்ப்பு: "மெஷினில் செய்தால் மலிவு, நீங்கள் ஏன் கிடந்து கஷ்டப்படுகிறீர்கள்?" பின்னலாடைக்கு மெஷின் உண்டு. லேஸுக்கு மெஷின் உண்டு. உண்மையான குரோசேயைப் பின்னுகிற மெஷின் சந்தையில் இல்லை. அதைப் போலத் தோற்றம் தருகிற துணி மட்டும்தான் மெஷினில் வரும். ஆகவே எந்தக் கடையிலாவது மலிவு விலையில் குரோசேச் சட்டை தொங்கினால், எங்கோ ஒரு பெண் கையால் பின்னியிருக்கிறாள், அவளுக்கு மிகக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மலிவு அவளுடைய கூலியிலிருந்து வெட்டி எடுத்தது.

எங்கட பக்கத்தை வெளியிலிருந்து எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு ஒப்பீடு சொல்லி முடிக்கிறேன். 2017 ஏப்ரலில் கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து சனம் செத்தது. அதற்குப் பிறகு கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியபோது கிடைத்த பதில் எங்கட வண்ணாத்திவில்லுப் பக்கம், அருவக்காலு. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள் இருக்கின்றன, காலி நிலம்தானே என்றார்கள். புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிக் கத்தினார்கள். 2019இல் குப்பை வந்து சேர்ந்தது.

கொழும்புக்கு எங்கட நிலம் காலி நிலமாகத் தெரிந்தது. அதே கண்ணுக்கு எங்கட பெண்களின் நேரம் காலி நேரமாகத் தெரிகிறது. அருவக்காலுக்கு எதிராகக் கத்தின எங்கட ஆண்களே, வீட்டில் பின்னுகிற பெண்ணிடம் "சும்மா தானே இருக்கிறாய்" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதனால் இதைக் கொழும்புக்கு மட்டும் எழுதவில்லை.

எனக்கு வேண்டியது பாராட்டுச் சான்றிதழ் இல்லை. மூன்று நாள் பயிற்சி, கடைசி நாள் குழுப்படம், பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத இன்னொரு திட்டமும் வேண்டாம். மூன்று விஷயம் கேட்கிறேன். கைவேலை செய்கிற பெண்களே, பொருளோடு தொங்குகிற சீட்டில் விலைக்குப் பக்கத்தில் எத்தனை மணித்தியாலம் என்றும் எழுதுங்கள். ஒரு ஊரில் பின்னுகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஒரு மணிக்கூலியை முடிவு செய்யுங்கள். ஒருத்தி குறைத்துக் கொடுத்தால் எல்லாருக்கும் குறையும். வாங்குகிறவர்களே, பேரம் பேசுவதற்கு முன் "இதுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் பேரம் பேச மனம் வந்தால் பேசுங்கள்.

என் போர்வையின் விலை இப்போது 2,140 ரூபா. இந்த வருசம் இரண்டு விற்றது. கடைக்காரர் இன்னும் வாங்கவில்லை. 600க்கு நான் கொடுக்கவும் போவதில்லை.