புகை அடங்கிய முற்றம்

விடியற்காலையில் முற்றம் கூட்டிச் சருகைக் குவித்து, வளவின் மூலையில் தீ மூட்டுவது எமது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழிவழியாய் வந்த வழக்கம். மாவிலையும் பலாவிலையும் பூவரசஞ் சருகும் மட்டும் எரிந்த நாளில் அப்புகையைப்பற்றி எவரும் பெரிதாகக் குறை கூறியதில்லை. நாமும் அவ்வழக்கத்தைக் கைவிடாது நடத்தி வந்தோம். ஆனால் எரிகின்ற பொருள் மாறிவிட்டதை நாம் கவனிக்கவில்லை. சருகோடு சருகாய்ச் சொப்பிங் பையும், சோறு சுற்றிவந்த பொலித்தீன் தாளும், யோகட் கோப்பையும், பிஸ்கட் உறையும் சேர்ந்து எரிந்தன. சாம்பல் மட்டும் முன்போலவே இருந்தது.

சென்ற மாரிக்கு முன்னர் எமது இளைய மகளுக்கு இழுப்புக் கண்டது. இரவு முழுவதும் மூச்சுக்கு அலைந்த குழந்தையை விடிந்ததும் வைத்தியரிடம் கொண்டு சென்றோம். மருந்தை எழுதி முடித்த அவர், “வீட்டில் யாரேனும் சுருட்டு, சிகரெட் பிடிப்பதுண்டா?” என்று கேட்டார். இல்லை என்று தலை நிமிர்ந்து கூறினோம். “குப்பை எரிப்பதுண்டா?” என்பது அடுத்த கேள்வி. நிமிர்ந்த தலை தானாகவே தாழ்ந்தது.

பிளாஸ்ரிக் எரியும்போது எழும் நுண்துகள் நெஞ்சின் ஆழம்வரை செல்லும். சிலவகைப் பிளாஸ்ரிக் எரிகையில் டயொக்சின் எனப்படும் நஞ்சும் பிறக்கும். பிளாஸ்ரிக் உட்பட்ட குப்பையை வெளியில் எரித்தல் இந்நாட்டில் 2017 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அச்சட்டத்தைப் பத்திரிகையில் வாசித்துத் தலையாட்டியவர்களுள் நாமும் ஒருவர். சட்டம் எமது படலைக்கு வெளியே நின்றுவிட்டது.

இனி எரிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தோம். உடனே அடுத்த கேள்வி எழுந்தது. எரியாத குப்பை எங்கே போகும்? உள்ளூராட்சிச் சபையின் உழவுயந்திரத்தில் ஏற்றிவிட்டால் நம் கடமை முடிந்ததா? கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் அவ்வாறு ஏற்றி அனுப்பப்பட்ட குப்பை மலையாய் வளர்ந்து, 2017 ஏப்பிரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, வீடுகளின் மேற் சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. நம் வாசலைவிட்டு அகன்ற குப்பை இன்னொருவர் வாசலில் இருக்கிறது என்பதே உண்மை.

ஆகவே, குப்பையை எங்கே போடுவது என்று கேட்பதை விட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினோம். ஒரு கிழமைக் குப்பையை எறியாது சேர்த்து, பழைய பத்திரிகைகளை முற்றத்தில் விரித்து, குடும்பமாய் இருந்து பிரித்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் கொப்பியில் கணக்கு எழுதினான். நிறையிற் பாதிக்கு மேற்பட்டது காய்கறித் தோல், தேங்காய்ப் பூ, தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு ஆகியவையே. எஞ்சியவற்றில் முதலிடம் சொப்பிங் பைகளுக்கு. ஏழு நாளில் முப்பத்தொன்று! “இவ்வளவுக்கு நாங்கள் சாமானே வாங்கவில்லையே” என்றார் இல்லாள். கொத்தமல்லிக்கு ஒரு பை, பச்சை மிளகாய்க்கு ஒரு பை, இவ்விரண்டையும் இடுவதற்கு மற்றொரு பை என்று வந்த கதையை மகனின் கொப்பி சொல்லிற்று.

முதலில் அடுக்களைக் கழிவைக் கவனித்தோம். வளவில் ஒரு கிடங்கு வெட்டி, அன்றன்றாடக் கழிவைக் கொட்டி, தகரத்தால் மூடினோம். பத்து நாளில் துர்நாற்றம் வேலியைத் தாண்டிற்று. அயல்வீட்டுப் பெரியவர், தோட்டஞ் செய்து முதிர்ந்தவர், வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எருக்கிடங்கில்லை, ஊறற்கிடங்கு. சருகு எங்கே? சருகைக் கொட்டுங்கோ” என்றார்.

நாம் நாடோறும் தீயிட்ட அதே சருகுதான் கிடங்கிற்குத் தேவையாய் இருந்தது! ஈரக்கழிவு மட்டும் குவிந்தால் காற்றுப் புகாது. அழுகி நாறும், மீதேன் வாயுவும் தோன்றும். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு இட்டு, கிழமைக்கொருமுறை கிளறி, பிழிந்த துணியளவு ஈரம் காத்தால் நாற்றமில்லை. மூன்று மாத அளவில் மண்மணம் வீசும் கரிய எரு கிடைக்கும். மீன் செதிலையும் குடலையும் இதில் இடுவதில்லை. தென்னையடியில் ஆழமாய்ப் புதைக்கிறோம். முற்றத்துப் புகையும் கிடங்கின் நாற்றமும் ஒரே மருந்தால் நீங்கின.

அடுத்தது பை. அம்மம்மா பரணிலிருந்து பனையோலைப் பையொன்றை எடுத்துத் தூசு தட்டித் தந்தார். முதற் கிழமையில் அது பெரும்பாலும் வீட்டிலேயே கிடந்தது. சந்தையில் நின்று தலையைச் சொறிந்தது நாம். பிறகு அதைச் சைக்கிள் பிடியிலேயே மாட்டிவிட்டோம்; மறதி ஒழிந்தது. மீனுக்கு மூடியுள்ள பாத்திரம் கொண்டுசென்றபோது மீன்காரர் சிரித்தார். ஆயினும் முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்து, பின்னர் மீனோடு நிறுத்து, நியாயமாகவே தந்தார். இப்போது எம்மைக் கண்டதும் தராசை நீட்டுகிறார். மகன் பாடசாலைக்குச் சோற்றை உணவுப் பெட்டியிற் கொண்டுபோகிறான். யோகட்டுக்குப் பதில் வீட்டில் மண்சட்டியில் தயிர் உறைகிறது.

இன்னொரு பிழையையும் மறைப்பதற்கில்லை. எதையும் எறியக்கூடாது என்ற ஆர்வத்தில் கோப்பைகளையும் போத்தல்களையும் கொல்லைப்புறத்திற் குவித்து வைத்தோம், என்றோ ஒரு நாள் உதவும் என்று. ஒரு மழை பெய்தது. ஒவ்வொரு கோப்பையிலும் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. தெளிந்து தேங்கிய சிறு நீரிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் அது சிறகு முளைத்துப் பறந்துவிடும். சேர்த்து வைப்பது சிக்கனமன்று என்று அன்று கற்றோம். வேண்டாததை வாங்காமை முதற்படி. வாங்குவதைக் குறைத்தல் இரண்டாவது. வாங்கியதைத் திரும்பத் திரும்பப் பாவித்தல் மூன்றாவது. மக்குவதை மண்ணுக்குக் கொடுத்தல் நான்காவது. இவ்வரிசையைப் பின்னிருந்து தொடங்கியதே எமது தவறு.

யப்பானில் கமிகட்சு என்றொரு மலைக்கிராமம் உண்டு. 2003 இல் அவ்வூரார், 2020 ஆம் ஆண்டுக்குள் குப்பையே அற்ற ஊராவோம் என்று தீர்மானித்தனர். கழிவை நாற்பதுக்கு மேற்பட்ட வகைகளாய்ப் பிரித்தனர். 2020 வந்தது, இலக்கு முழுமையாய் எட்டப்படவில்லை. ஆயினும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவு மீண்டும் பயன்பாட்டுக்குச் சென்றது. பூச்சியம் என்ற சொல்லைக் கண்டு அஞ்சி நிற்பவர்க்கு இது ஆறுதல் அல்லவா? எமது வீட்டிலும் மாத்திரை உறை, பால்மா உறை, பழுதான மின்கலம் என்பன இன்னும் மிஞ்சுகின்றன. அவற்றுக்கு எம்மிடம் விடையில்லை. சபையும் உற்பத்தியாளரும் விடைகூற வேண்டியவை அவை.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். சில கிழமைகளின்பின் இல்லாள் ஒருநாள் அமைதியாகச் சொன்னார்: “குப்பை குறைந்ததுதான். என் வேலை கூடிவிட்டது.” பாத்திரம் கழுவுவதும், தயிர் உறைவைப்பதும், கிடங்கு கிளறுவதும் அவர் தலையிலேயே விழுந்திருந்தன. பெருமை பேசியது நாம், உழைத்தது அவர். அம்மம்மாவின் காலத்தைப் புகழ்வோர் அக்காலத்துப் பெண்களின் முதுகுவலியையும் நினைக்கவேண்டும். அன்றே வேலையைப் பங்கிட்டோம். கிடங்கு எமது பொறுப்பு. உணவுப் பெட்டியைக் கழுவுவது மகன். கோப்பையில் நீர் தேங்கியுள்ளதா என்று வெள்ளிதோறும் பார்ப்பது சின்னவள். ஒருவர் முதுகில் ஏற்றிய சீர்திருத்தம் நெடுநாள் நில்லாது.

வாசக நேயர்களுக்கு இக்கிழமை ஒரு வேண்டுகோள். எதையும் மாற்றவேண்டாம். உங்கள் வீட்டுக் குப்பையை ஏழு நாள் சேர்த்து, பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பிரித்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை அக்கொப்பியே கூறும்.

குழந்தையின் இழுப்பு முற்றாய் நீங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். அவ்வாறு எழுதுவது பொய். பனிக்காலத்தில் இன்னும் வருகிறது. ஆனால் விடியற்காலையில் அவள் எழுந்து முற்றத்திற்கு வரும்போது, அங்கே இப்போது கூட்டிக் குவித்த சருகு மட்டுமே இருக்கிறது. அதைக் கடகத்தில் அள்ளிக் கிடங்கிற் கொட்டுவது தன் வேலையென்று அவள் தானாகவே ஏற்றுக்கொண்டாள்.