எரியாத குழல்விளக்கு காட்டும் குறிகள்

வீட்டுச் சுவரில் நான்கடி நீளத்திற்குப் பொருத்தப்பட்டிருக்கும் குழல்விளக்கு, அதாவது வழக்கில் டியூப்லைட் என்றே அறியப்படுவது, எரியாமல் நின்றுபோனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் புதுக் குழல் வாங்கப்படுகிறது. அதுவும் எரியாதபோது ஸ்டார்ட்டர் வாங்கப்படுகிறது. பழுது சோக்கில் இருந்தது என்று கடைசியில் தெரியவரும்போது, முதலில் கழற்றிய நல்ல குழல் குப்பைக்குப் போய்விட்டிருக்கும். இந்தச் செலவு முற்றிலும் தவிர்க்கக்கூடியது. தன் கோளாறு இன்னதென்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டிக்கொடுக்கும் வீட்டுச் சாதனங்களில் குழல்விளக்குக்கு ஈடானவை மிகக் குறைவு. அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மின்பணியாளர்கள் பட்டி என்று சொல்லும் தகரச் சட்டத்தில் இருப்பவை சிலவே: குழலின் ஊசிகளைப் பற்றிக்கொள்ளும் இரண்டு ஹோல்டர்கள், இரும்புத் தகடுகளின் அடுக்கில் கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்த கனமான சோக்கு, கட்டைவிரல் அளவிலான ஸ்டார்ட்டர். குழலின் ஒவ்வொரு முனையிலும் ஒரு டங்ஸ்டன் மின்னிழை உண்டு. சூடேறியதும் எலெக்ட்ரான்களை எளிதில் வெளிவிடும்படி அதன்மேல் பேரியம் முதலியவற்றின் ஆக்சைடுகள் பூசப்பட்டிருக்கும். சோக்கு, ஒரு முனை மின்னிழை, ஸ்டார்ட்டர், மறுமுனை மின்னிழை ஆகிய நான்கும் ஒரே பாதையில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், இவற்றுள் எது அறுந்தாலும் விளக்கு முழுவதும் ஊமையாகிவிடும். பழுது தேடுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

சுவிட்சைப் போட்டவுடன் 230 வோல்ட் மின்னழுத்தம் ஏறத்தாழ முழுவதுமாக ஸ்டார்ட்டரின்மேல் விழுகிறது. அதனுள் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழில் அடைத்த வாயு மங்கலாக ஒளிர்ந்து சூடேறுகிறது. அந்தச் சூட்டில் ஈருலோகத் தகடு, அதாவது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. தொட்டதும் மின்னிழைகளின் வழியாக மின்னோட்டம் பாய்ந்து குழலின் இருமுனைகளும் செம்மஞ்சளாகக் கனல்கின்றன. வாயு ஒளிர்வது நின்றுவிட்டதால் தகடு குளிர்ந்து விலகுகிறது. விலகும் அந்த நொடியில்தான் சோக்கு தன் வேலையைக் காட்டுகிறது. மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது சுருளில் தேங்கிய காந்தப்புலம் சரிந்து பலநூறு வோல்ட் அழுத்தத்தை ஒரு கணம் எழுப்ப, குழலுக்குள் இருக்கும் ஆர்கான் வாயுவையும் பாதரச ஆவியையும் ஊடுருவி மின்னோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவுகிறது. பாதரச ஆவி உமிழும் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரைக் குழலின் உட்புறத்து வெண்பூச்சு வெளிச்சமாக மாற்றித் தருகிறது. எரியத் தொடங்கிய 40 வாட் குழலின் இருமுனைகளுக்கு இடையே ஏறத்தாழ 100 வோல்ட் மட்டுமே நிற்பதால் ஸ்டார்ட்டர் மறுபடி விழித்துக்கொள்வதில்லை. அப்போது அதைக் கழற்றி எடுத்துவிட்டாலும் விளக்கு தொடர்ந்து எரியும். சோக்கு அப்படியன்று. மின்னோட்டம் கூடக் கூட வாயுவின் தடை குறைந்துகொண்டே போகும் என்பதால், அதைக் கட்டுப்படுத்தச் சோக்கு இல்லாவிட்டால் குழல் சில கணங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இந்த வரிசை விளங்கிவிட்டால் குறிகள் தாமாகவே பேசும். நடுப்பகுதி இருண்டிருக்க இருமுனைகள் மட்டும் இடைவிடாமல் கனன்றுகொண்டிருந்தால், மின்னிழைகளும் சோக்கும் அறுபடவில்லை என்பதற்கு அதுவே சான்று. விலக வேண்டிய தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது ஸ்டார்ட்டருக்குள் வானொலி இரைச்சலைத் தணிப்பதற்காக வைத்திருக்கும் சிறு மின்தேக்கி உள்ளுக்குள்ளேயே இணைந்துவிட்டது. இந்நிலையில் விளக்கை விட்டுவைத்தால் மின்னிழைகள் வெந்து நல்ல குழலும் கெடும். சுவிட்சை அணைத்து, ஸ்டார்ட்டரை இடப்பக்கமாகச் சற்றே திருகி எடுத்து, பக்கத்து அறையில் நன்றாக எரியும் அதே வகை விளக்கின் ஸ்டார்ட்டரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட மலிவான சோதனை வேறு கிடையாது.

விளக்கு எரிவதும் அணைவதுமாக மீண்டும் மீண்டும் சிமிட்டினால் குழலின் முனைகளைக் கவனிக்க வேண்டும். அங்கே கண்ணாடியின் உட்புறம் விரற்கடை அகலத்திற்குக் கருவளையம் படிந்திருந்தால், மின்னிழையின் பூச்சு தேய்ந்து ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். அக்குழலின் ஆயுள் முடிந்துவிட்டது, எத்தனை ஸ்டார்ட்டர் மாற்றினாலும் பயன் இல்லை. முனைகள் வெண்மையாக இருந்தும், ஊர் முழுவதும் மின்சாரத்தை இழுக்கும் மாலை நேரத்தில் மட்டும் சிமிட்டல் நேர்ந்தால், குறைந்த மின்னழுத்தமே காரணம். உதகை போன்ற மலையூர்களில் குளிர்காலத்தில் விளக்கு தயங்கி எரிவதும் மங்குவதும் பழுதல்ல. குளிரில் பாதரச ஆவி குறைந்துவிடுவதன் விளைவு அது. புதுக் குழலில் வெளிச்சம் நெளிவதும் சில மணி நேரம் எரிந்ததும் தானாக நின்றுவிடும்.

எந்த அசைவும் இல்லாத விளக்குதான் பலரைக் குழப்புகிறது. குழலைச் சிறிது திருகி ஊசிகள் ஹோல்டரில் சரியாக உட்காரும்படி செய்வதாலேயே சரியாகிவிடும் விளக்குகள் ஏராளம். பழைய பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் நொறுங்கி உள்ளிருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துபோவது அன்றாட நிகழ்ச்சி. அதன்பின் குழலைக் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் உள்ள இரண்டு ஊசிகளுக்கு இடையே மல்டிமீட்டரால் அளந்தால், நல்ல மின்னிழை சில ஓம் தடையைக் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் இழை அறுந்திருக்கிறது. இழை ஏன் அறுந்தது என்று கேட்காமல் புதுக் குழலை மாட்டுவதுதான் பெருந்தவறு. சுருளின் காப்பு எரிந்து உள்ளுக்குள்ளேயே இணைந்துவிட்ட சோக்கு, மின்னோட்டத்தைத் தடுக்கும் வலிமையை இழந்திருக்கும். அதில் மாட்டப்படும் புதுக் குழலின் முனைகள் ஒரு கணம் கண்ணைப் பறிக்கும்படி பளிச்சிட்டு அறுந்துபோகும். கருகிய வார்னிஷ் வாடையும் சோக்கின் உடலில் நிறம் மாறிய திட்டும் இதற்கு முன்னறிவிப்பு. தகடுகள் தளர்ந்ததால் எழும் ரீங்காரம் மட்டும் இருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை.

இவை எல்லாவற்றையும்விட உயிரோடு தொடர்புடைய குறி ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்த பின்னும் இருட்டில் குழல் மிக மங்கலாக ஒளிர்ந்தால், சுவிட்ச் பேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருக்கக்கூடும். அப்படியிருந்தால் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டர்வரை மின்சாரம் வந்து நிற்கும். சுவிட்சை நம்பிக் குழலைக் கழற்றுபவர் அதிர்ச்சிக்கு ஆளாவார். எனவே எந்தப் பட்டியைத் திறப்பதற்கு முன்னும் மெயினை அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, உலர்ந்த மரமுக்காலியின்மேல் நின்று வேலை செய்வதே முறை. தவறான இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு உடனே மாற்றிவிட வேண்டும்.

கழற்றிய குழலைக் கையாளுவதிலும் அதே அளவு பொறுப்பு தேவை. உள்ளே இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம் அளவே என்றாலும் அது நஞ்சு. குழல் உடைந்தால் சன்னல்களைத் திறந்துவைத்து, சற்று நேரம் அறையைவிட்டு விலகி, பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை வாரி மூடியுள்ள கலத்தில் சேர்க்க வேண்டும்; விளக்குமாற்றால் பெருக்குவது தூளைக் காற்றில் எழுப்பிவிடும். தெருமுனைத் தொட்டியில் எறியப்படும் குழல் தூய்மைப் பணியாளரின் கையில்தான் உடைகிறது என்பதை வீட்டார் எண்ணிப் பார்ப்பதில்லை. 2016இல் வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டிருந்தும், அவற்றைத் தனியே ஒப்படைக்கும் பழக்கம் வேரூன்றவில்லை.

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி, இத்தகைய குழல்களின் உற்பத்தி 2027க்குள் நிறுத்தப்பட இருப்பதால், பழைய பட்டியிலேயே எல்இடி குழலைப் பொருத்துவோர் பெருகுவர். சோக்குடன் இயங்கும்படி செய்யப்பட்ட எல்இடி குழலுக்குப் பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, அதனுடன் தரப்படும் ஃபியூஸ் அடங்கிய போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். சோக்கு இல்லாமல் இயங்கும் வகைக்குப் பட்டியின் கம்பிகளையே மாற்றி இணைக்க வேண்டும். வாங்கிய குழல் எந்த வகை என்பதை அதன்மேலோ உறையிலோ அச்சிட்டிருக்கும் இணைப்புப் படத்தில் பார்த்து உறுதிசெய்த பிறகே ஹோல்டரில் மாட்டுவது பாதுகாப்பானது.