நீர் இறங்கும்போதே வண்டலை அள்ளுங்கள்



1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் வந்தால், அணையின் நீர்த்தேக்கப் பகுதியிலுள்ள பண்ணவாடிப் பரிசல்துறையில் அலையடிக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கேயே நீரில் மூழ்கியிருந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். வெடித்துக் கிடக்கும் வண்டலில் எள்ளும் கேழ்வரகும் விதைப்பார்கள்.

பயிருக்கு உரமாகும் அதே வண்டல்தான் அணையின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஜூன் 12-ல் குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்க வேண்டுமானால், ஒவ்வொரு சொட்டையும் தேக்க இடம் வேண்டும். எனவே கோடையில் நீர் இறங்கியதுமே வண்டலை அள்ளி, சுற்றுவட்டார விவசாயிகளுக்கு அலைக்கழிக்காமல் வழங்க வேண்டும். வெள்ளம் வந்தபின் வருந்திப் பயனில்லை.

– கொளத்தூர் வாசகர், சேலம் மாவட்டம்